வேட்டைக் காலையும் வயிற்றுக் கலக்கமும்



இன்று நான் பேசப்போகும் பொருளைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு சற்றுக் காது கொடுங்கள். வேட்டைக்குப் புறப்படும் நாளில் விடியற்காலையிலேயே சிலருக்கு வயிறு கலக்குகிறது. அது ஏன்? அதற்கு என்ன செய்யலாம்? இதுதான் இன்றைய பேச்சு.

நம் கேமரன் மலையில் தேயிலைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் அடுத்தாற்போல் காடு நிற்கிறது. காட்டுப்பன்றி இறங்கி வந்து மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் கிளறிவிட்டுப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். அதைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. துப்பாக்கிக்குப் போலீஸ் இலாகாவின் லைசென்ஸ் வேண்டும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பன்றி வேட்டைக்கு வனவிலங்கு இலாகாவின் லைசென்ஸும் வேண்டும். இவை இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதே நல்லது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் தாய்மாமா தேயிலை மலையில் மருந்து அடிக்கும் வேலை பார்த்தவர். நல்ல உடற்கட்டு உள்ளவர். வேட்டையில் நாய்களோடு போய்ப் பன்றியைக் கலைத்துவிடுவது அவர் பங்கு. ஆனால் வேட்டை நாள் என்றால், விடியற்காலை நான்கு மணியிலிருந்து லயத்துக்குப் பின்னால் மூன்று தடவையாவது போய் வருவார்.

ஒரு நாள் என் அத்தை, "ஏங்க, வயிறு சரியில்லேன்னா இன்னிக்கு நின்னுக்குங்களேன்" என்றார்.

"சத்தம் போடாதே. ஆளுங்க காதுல விழுந்தா, பன்னிக்குப் பயந்துட்டான்னு சொல்லுவானுங்க" என்றார் மாமா.

பசியாறாமல், கறுப்புக் கோப்பியில் கொஞ்சம் பிராந்தி கலந்து குடித்துவிட்டுப் புறப்பட்டார். காட்டுக்குள் போனதும் வயிறு மறுபடியும் முறுக்கியது. யாரிடமும் சொல்லாமல் வரிசையை விட்டு விலகி ஒரு புதருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பனிமூட்டம் விலகாத நேரம். புதர் அசைவதைப் பார்த்து, துப்பாக்கி வைத்திருந்தவர் பன்றிதான் என்று குறிபார்த்துவிட்டார். அந்த நேரத்தில் எங்கள் நாய் ஓடிப்போய்ப் புதருக்கு முன்னால் நின்றது. அது குரைக்கவில்லை, வாலை ஆட்டியது. அதைக் கண்டுதான் அவர் துப்பாக்கியை இறக்கினார்.

இந்தக் கதையை மாமா பல ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, நான் முதன்முதலாக வகுப்பு எடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. அதை நினைத்தாலே விடியற்காலையில் எனக்கும் அதே வயிற்றுக் கலக்கம். அப்போதுதான் என்னிடம் சொன்னார். "வயிறு கலங்குனது தப்பு இல்லடா. சொல்லாம போனதுதான் தப்பு" என்றார். நானும் இன்று உங்களிடம் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

பயம் வந்தால் தமிழில் என்ன சொல்கிறோம்? 'அடிவயிறு கலங்குது', 'வயித்துல புளியைக் கரைக்குது' என்கிறோம். நம் முன்னோர் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். இதற்கு மருத்துவ விளக்கமும் உண்டு.

ஆபத்தோ பெரிய காரியமோ வரப்போகிறது என்று மூளை உணர்ந்தவுடன், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஒரு நீரை இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. கை கால் தசைகளுக்கு இரத்தம் அதிகமாகப் போகிறது. இரைப்பை தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் தின்றது அப்படியே நிற்கிறது, குமட்டுகிறது. பெருங்குடலோ அவசரப்பட்டு இருப்பதை வெளியே தள்ளப் பார்க்கிறது. இயல்பாகவே பெருங்குடல் விழித்துக்கொள்ளும் நேரம் விடியற்காலை. வெறும் வயிற்றில் கோப்பியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இது கோழைத்தனம் அல்ல. உடம்பு ஓடவும் பாயவும் தயாராகிறது, அவ்வளவுதான்.

இதை முன்பே கண்ணால் பார்த்த ஒரு மருத்துவர் உண்டு. 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், ரோம வியாபாரக் கம்பெனி ஒன்றில் கூலிவேலை செய்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் மேல் தவறுதலாக வெடித்த துப்பாக்கியின் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இரைப்பையில் விழுந்த துவாரம் மூடவில்லை. இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் அந்தத் துவாரத்தின் வழியாகப் பல ஆண்டுகள் சோதனை செய்து, 1833இல் புத்தகம் வெளியிட்டார். கோபம் வரும்போது செரிமானம் கெடுவதை அவர் குறித்து வைத்தார். ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறியதால் இன்னொருவர் வாழ்நாள் முழுவதும் திறந்த வயிற்றோடு வாழ நேர்ந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

சரி, செய்ய வேண்டியவை என்ன?

முதலாவது, முந்தின இரவு. அதிகக் காரமும் தேங்காய்ப்பால் கறியும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். மது வேண்டவே வேண்டாம். சாமான்களை இரவே எடுத்து வைத்துவிட்டுச் சீக்கிரம் படுங்கள். காலையில் தேடி அலைவதே பாதிப் படபடப்பு.

இரண்டாவது, காலை. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள். வெந்நீர் குடித்துவிட்டுக் கொஞ்சம் கஞ்சியோ, ரொட்டியும் வாழைப்பழமுமோ பசியாறுங்கள். குடல் தன் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ள நேரம் கொடுங்கள். அன்று கோப்பியை விட்டுவிடலாம். பிராந்தி வயிற்றை அடக்குவதாகத் தோன்றும். ஆனால் கண்ணையும் கையையும் மந்தமாக்கும். துப்பாக்கி உள்ள இடத்தில் மது கூடாது, தூக்கம் வரவழைக்கும் மாத்திரையும் கூடாது.

மூன்றாவது, மூச்சு. உட்கார்ந்து நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் நெஞ்சுப் படபடப்பு குறையும். சாதாரண நாட்களிலும் பழகினால்தான் வேண்டிய நாளில் கைகொடுக்கும்.

நான்காவது, காட்டில். ஒதுங்க வேண்டுமானால் குரல் கொடுத்துச் சொல்லுங்கள். எல்லாரும் நிற்கட்டும், துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுக்கட்டும். திரும்பி வந்ததையும் சொல்லுங்கள். பளிச்சென்ற நிறத்தில் தொப்பியோ சட்டையோ அணியுங்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் அசைவைப் பார்த்துச் சுடவே கூடாது. முழு மிருகத்தையும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்த பிறகே விரல் விசைக்குப் போக வேண்டும். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். எலியின் சிறுநீரால் பரவும் 'கென்சிங் திக்குஸ்' காய்ச்சல் அதிலிருந்து வரலாம்.

ஐந்தாவது, எப்போது போகக் கூடாது? காய்ச்சல் இருந்தால், வாந்தி நிற்காவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், அது படபடப்பு அல்ல, நோய். கடையில் மாத்திரை வாங்கி வயிற்றைக் கட்டிவிட்டுப் போகாதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள். அதுவரை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். வேட்டை இல்லாத நாட்களிலும் வயிறு தொடர்ந்து தொல்லை கொடுத்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சை நாளிலும் ஓட்டப் பந்தய நாளிலும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை என் வகுப்பில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். 'சும்மா நடிக்கிறான்' என்று வீட்டில் திட்டியிருப்பார்கள். பிள்ளைக்கு அந்த வலி உண்மையானது. அருகில் உட்காரவைத்து, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். அப்பாவே தன் வயிற்றுக் கலக்கத்தைச் சொன்னால், மகன் தன்னுடையதை ஏன் மறைக்கப் போகிறான்?

வேட்டைக்குப் போகும் நண்பர்களே, கூட்டத்தில் ஒருவர் "இன்னிக்கு வயிறு சரியில்லே, நான் வரலே" என்றால் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். "சரிண்ணே, அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பன்றி அடுத்த வாரமும் இருக்கும்.

என் மாமா அதன் பிறகும் வேட்டைக்குப் போனார். வயிறு கலக்கினால், "நான் ஒதுங்குறேன், துப்பாக்கியை இறக்குங்க" என்று மலை கேட்கக் கத்திவிட்டுத்தான் போவாராம். பன்றி பல தடவை தப்பித்துவிட்டது என்று கூட்டாளிகள் குறைபட்டுக்கொண்டார்கள். ஆனால் மாமா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடு திரும்பினார்.