பனியில் மறைந்த பலாமரம்



கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியையும், அறப்பளீசுவரர் திருக்கோயிலையும், ஆகாயகங்கை அருவியையும் நினைப்பது தமிழர் இயல்பு. எங்கள் இல்லத்திலோ கொல்லிமலை என்றால் ஒரு பலாமரம். என் தந்தையார் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், பழைய பிலிம் காமிரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் கடந்து மலைக்குச் செல்வார். வாழவந்திப் பக்கத்தில் ஒரே இடத்தில் நின்று, அந்த ஒரே மரத்தைப் பருவந்தோறும் படம் எடுத்து வருவார்.

தமிழ்ப் பெரும்பொழுதுகள் ஆறு அல்லவா? ஆறு படங்கள் வேண்டும் என்பது அவர் திட்டம். இளவேனிலில், மழை நனைத்த காப்பிச் செடிகளின் வெண்பூக்கள் மரத்தைச் சூழ நின்றன. முதுவேனிலில் அடிமரத்தை ஒட்டிப் பழங்கள் தொங்கின. கார்காலத்தில் சாமைப் பயிர் பசுமை விரித்தது, முன்பனியில் அறுத்த தாளே எஞ்சிற்று, பின்பனியில் வெறுநிலம். நிலம் மாறிக்கொண்டேயிருக்க, மரம் நின்றது. ஐந்து படங்கள் சுவரில் ஏறின. கூதிர்க்காலப் படத்துக்குரிய ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த நிலையில் தந்தையார் காலமானார்.

கல்லறைத் தோட்டத்தில், மரித்தோர் எழுப்பப்படுவர் என்று போதகர் ஜெபித்தபோது எல்லோரும் ஆமென் என்றனர். என் நா மட்டும் எழவில்லை. சிறு வயது முதல் சொல்லி வந்த சொல்தான். எனினும் கண்முன் கிடந்தது மண் ஒன்றே.

மறு ஆண்டு அந்த மலைக்குச் சென்றேன். வாழவந்தியில் ஜெஸி பிராண்டு என்னும் ஆங்கில ஊழியரின் கல்லறை இருக்கிறது. 1913-இல் திருமணமானபின் மனைவி ஈவ்லினுடன் இம்மலையில் குடியேறியவர் அவர். மருத்துவம் பார்த்தார்; பள்ளி நடத்தினார்; உழவுக்கும் தச்சுக்கும் துணை நின்றார். ஆயினும் பல ஆண்டுகள் சபையில் சேர ஒருவரும் முன்வரவில்லை. 1929 ஜூன் மாதத்தில் விஷக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. மகன் பால், 14 வயதுச் சிறுவன், அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். மரணச் செய்தி தந்தியில் விரைந்து சென்றது. தந்தை எழுதிய கடிதங்களோ கப்பலில் மெல்லச் சென்றன. தந்தை இல்லை என்று அறிந்த பிறகும், மலையையும் மரங்களையும் வியந்து அவர் எழுதிய கடிதங்கள் வாரக்கணக்கில் அச்சிறுவன் கைக்கு வந்துகொண்டிருந்தன.

அந்த மகன் 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். தந்தை அதைக் காணவில்லை. கணவரை இழந்த ஈவ்லின் அம்மையாரோ முதுமையிலும் இம்மலைகளுக்கே திரும்பி வந்து, 1974-இல் தமது 95-ஆம் வயதில் மறையும்வரை ஊழியம் செய்தார். அம்மையார் ஓவியம் பயின்றவர்; மலையின் வண்ணங்களை விரும்பித் தீட்டியவர். எனினும் இறுதி ஆண்டுகளில் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. அவர் பார்க்க விரும்பியவை வேறு.

தந்தைக்குப் பின் வந்து சேர்ந்த கடிதங்களை எண்ணியபடி மலையிறங்கினேன். வீட்டில் அவருடைய காமிராவைத் திறக்காமலே வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. உள்ளே ஒரு பிலிம் சுருள் இருந்தது.

ஒளிபட்ட பிலிமில் படம் உடனே தெரிவதில்லை. வெள்ளி உப்பில் ஒளி இட்ட சுவடு கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கும். இருட்டில் வைத்து மருந்து நீரில் நனைத்த பின்னரே உருவம் எழும். ஆயினும் அச்சுவடு பதிந்தது இருட்டில் அன்று. காமிராவின் கதவு திறந்த அந்தக் கணத்திலேயே அது பதிந்துவிட்டது.

கழுவிக் கொடுத்த கடைக்காரர், "கடைசிப் படம் வீணாய்ப் போயிற்று, ஐயா, வெறும் புகைதான் விழுந்திருக்கிறது," என்றார். வாங்கிப் பார்த்தேன். அது புகையன்று; ஐப்பசி மாதத்து மலைப்பனி. ஓரத்தில், நான் நன்கறிந்த வேலிக்கல்லின் முனை மங்கலாகத் தெரிந்தது. நடுவில் மரம் இருக்க வேண்டிய இடத்தில் வெண்மை ஒன்றே நிறைந்திருந்தது.

பனி விலகட்டும் என்று அவர் காத்து நின்றிருப்பார், விலகவில்லை. எனினும் எடுத்தார். ஐந்து பருவங்கள் அங்கே நின்று கண்ட மரம், பனி மூடியதால் இல்லாமற் போய்விடுமா? மரம் எங்கே என்று அறிந்தவரின் கண்ணே அப்படத்தைக் குறி வைத்திருந்தது.

விசுவாசம் என்றால் பனியை விலக்கும் ஆற்றல் என்று எண்ணியிருந்தேன். அது அதுவன்று. கண்டறிந்த நன்மையை நம்பி, காணாத வேளையிலும் அதன் திசையில் நிற்பதே விசுவாசம். மரணத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நான் இன்றும் கண்டேனல்லேன். ஆயினும் அந்தப் படத்தை ஆறாவது ஆணியில் மாட்டினேன். கல்லறையில் எழாத ஆமென், அன்று எழுந்தது.