பிள்ளையின் குறட்டையைக் கேளுங்கள்

(தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று சம்பளத்தைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. நம் பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றிச் சில சொல்ல வந்திருக்கிறோம்.

இரவில் பிள்ளை பல்லை நறநறவென்று கடித்தால், "வயிற்றில் பூச்சி" என்கிறோம். மறுநாளே பூச்சி மருந்து கொடுக்கிறோம். கொடுப்பது தவறல்ல. ஆனால் பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர அது தானே நின்றுவிடும்.

பல் கடிப்போடு குறட்டையும் சேர்ந்தால் சங்கதி வேறு. மூக்கின் பின்புறத்திலும் தொண்டையின் இரு பக்கத்திலும் சதைகள் உண்டு. அவை பெருத்திருந்தால், தூக்கத்தில் தொண்டை தளரும்போது மூச்சுப் பாதை அடைபடும். குறட்டை திடீரென்று நிற்கும். நெஞ்சு எழும்பித் தாழும், காற்றுப் போகாது; சில விநாடிகள் கழித்துப் பிள்ளை திணறி மூச்சை இழுக்கும். இரவெல்லாம் இதே போராட்டம்.

நமக்குத் தெரிந்த லயத்துப் பையன் ஒருவன். எட்டு வயதிலும் பாயை நனைப்பான். வகுப்பில் நிலைகொள்ள மாட்டான், படிப்பு ஏறாது. பள்ளியில் பிரம்படி, வீட்டில் வசவு. தூக்கம் கெட்டால் பெரியவர்கள் சோர்ந்து போவார்கள். பிள்ளைகள் பலருக்கோ துடுக்குத்தான் மிகும். இதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, நாமுந்தான். 1889-லேயே வில்லியம் ஹில் என்னும் மருத்துவர், பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கு மூச்சடைப்பும் ஒரு காரணம் என்று எழுதிவிட்டார்!

உடனே கத்தி வைப்பார்களோ என்று அஞ்ச வேண்டாம். அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுவரையுள்ள 464 பிள்ளைகளை ஆராய்ந்த முடிவு 2013-ல் வெளிவந்தது. சதையை நீக்கியவர்களில் 79 விழுக்காட்டினருக்கு ஏழு மாதத்தில் மூச்சு சீரானது. பொறுத்துப் பார்த்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்குச் சரியானது. எது வேண்டும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

"விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டும், இதை எப்போது பார்ப்பது?" என்பீர்கள். நியாயந்தான். மரம் வெட்டிக் களைத்துப் படுத்தவருக்கு இடி விழுந்தாலும் கேளாது. தாயும் தந்தையும் முறை வைத்து இரண்டே இரவு விழித்திருங்கள். பிள்ளை வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, வியர்த்துத் தூங்குகிறதா? கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம் பிடித்து அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். விடுப்புக் கடிதம் எழுதக் கிராணிமார்கள் கைகொடுக்க வேண்டும்.

அந்தப் பையனுக்குச் சதையை எடுத்தார்கள். பாய் இப்போது நனைவதில்லை. குறும்பு மட்டும் முழுதும் போகவில்லை.