திருப்பிக் கொடுக்காத புத்தகம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்களுக்குப் பிடித்த புத்தகங்கள், படங்கள் பற்றிக் கால் மணித்தியாலம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது யோசிக்காமல் சம்மதித்துவிட்டேன். என்னோடு விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும். விளக்கு அணைத்த பிறகு போர்வைக்குள் டோர்ச் அடித்து வாசித்து, பிடிபட்டு, அடுத்த நாள் முழுவதும் வாசலில் நின்றவள் நான். ஆனால் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது முதலாவது பெயரிலேயே பேனை நின்றுவிட்டது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். முதலில் கேட்ட விடயத்தைப் பேசிவிடுகிறேன்.

புத்தகமாகவும் படமாகவும் வந்த கதைகள் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. செங்கை ஆழியானின் "வாடைக்காற்று" நாவலை வாசித்த பிறகுதான் நெடுந்தீவு எனக்கு வரைபடத்தில் இருக்கும் ஒரு புள்ளி அல்லாமல், மனிதர் வாழும் மண்ணானது. அது 1978 இல் நம் நாட்டுத் தமிழ்ப் படமாகவும் வந்தது. மாட்டின் விக்கிரமசிங்கவின் "மடோல் தூவ" 1947 இல் வெளிவந்த சிங்கள நாவல். உபாலி, ஜின்னா என்ற இரண்டு பெடியன்கள் வீட்டை விட்டு ஓடி ஒரு கண்டல் தீவில் குடியேறும் கதை. 1976 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கினார். தமிழில் அதை வாசித்த வயதில், எங்கள் கல்லூரி மதிலுக்கு அப்பால் ஒரு தீவு இருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

ஆனால் பட்டியலில் முதலாவது "பதேர் பாஞ்சாலி". விபூதிபூஷண் பந்தோபாத்யாய 1929 இல் எழுதிய வங்காள நாவல். "நாகம்மாள்" எழுதிய ஆர். சண்முகசுந்தரம் அதைத் தமிழில் தந்தார். ஒரு ஏழைக் குடும்பம், அக்கா துர்க்கா, தம்பி அப்பு, ஒரு கிழவி, ஒரு மூங்கில் தோப்பு. அவ்வளவுதான் கதை. பத்தாம் வகுப்பில் வாசித்தேன். துர்க்கா இறக்கும் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்து அழுதேன். சாவதற்கு முன் அவள் தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள், ஒரு நாள் ரயிலைக் காட்டுவாயா என்று. நாவலில் துர்க்கா ரயிலைப் பார்க்கவேயில்லை.

பிற்காலத்தில் நான் ஆசிரியையாகி இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். அது 1993 என்று நினைவு. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 இல்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. இந்த இடத்தைச் சொன்னதும் பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், நானும் கோச்சி பார்த்ததில்லை" என்றாள். வகுப்பில் பாதிப் பேர் கை உயர்த்தினார்கள். வங்காளத்துக் கதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் வகுப்பறைக் கதையாகவும் இருந்தது.

படத்தை 1997 இல்தான் கொழும்பில் ஒரு சிறிய மண்டபத்தில் பார்த்தேன். சத்யஜித் ராய்க்கு அது முதற்படம். ஒளிப்பதிவு செய்த சுப்ரத மித்ராவுக்கு அப்போது 21 வயது, அதற்கு முன் படக் கமராவை இயக்கியதேயில்லை. அக்காவும் தம்பியும் நாணல் வெளியில் ஓடும் காட்சியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது நாணற் பூக்களையெல்லாம் மாடுகள் தின்றுவிட்டிருந்தன. மறுபடி பூக்கும்வரை ஒரு வருடம் காத்திருந்தார்கள். காசில்லாமல் பலமுறை நின்று, கடைசியில் மேற்கு வங்க அரசின் பணத்தில் முடித்து, 1955 இல் வெளியிட்டார்கள். நாவலில் துர்க்கா காணாத ரயில் ராயின் படத்தில் வந்துவிடுகிறது. அந்தக் கரும்புகையைப் பார்த்தபோது என் வகுப்புப் பிள்ளைகளை நினைத்தேன்.

ஆனால் நான் கதிரையில் குறுகிப் போனது வேறொரு காட்சியில். முற்பகுதியில் அயல்வீட்டு மணிமாலை ஒன்று காணாமற் போகிறது. துர்க்கா எடுத்தாள் என்று பழி. அவள் இல்லையென்கிறாள், தாய் அடிக்கிறாள். அவள் இறந்த பிறகு, ஊரை விட்டுப் போகும் நேரத்தில், சாமான் ஒதுக்கும்போது அந்த மாலை அப்புவின் கையில் கிடைக்கிறது. அவன் ஒருவருக்கும் சொல்லாமல் அதைக் குளத்தில் எறிகிறான். நீர்ப்பாசி விலகி, மெல்ல மூடிக்கொள்கிறது. நாவலில் அது ஒரு பொற்சிமிழ், எறிவது மூங்கில் தோப்பில். தண்ணீர் மூடிக்கொள்வதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் நானும் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன்.

சகோதரிகளே, எங்கள் நூலகத்தில் பரீட்சை மாதத்தில் கதைப் புத்தகம் இரவல் தரமாட்டார்கள். 1984 இல் அப்படி ஒரு மாதத்தில், "பதேர் பாஞ்சாலி"யைப் பாதியில் விட மனமில்லாமல், பதிவுக் கொப்பியில் எழுதாமல் பாவாடை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுபோனேன். திங்கட்கிழமை திருப்பி வைப்பதாகத்தான் எண்ணம். அதற்குள் கணக்கெடுப்பு வந்துவிட்டது. அலுமாரித் திறப்பு என் தோழியிடம் இருந்தது. அவள்தான் நூலகப் பொறுப்பு மாணவி. "நான் எடுக்கவில்லை" என்று அவள் சொன்னாள். நம்பவில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவளுடைய சின்னத்தைக் கழற்றினார்கள். தகப்பனார் வந்து புத்தகத்தின் விலையைக் கட்டினார். நான் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வருடம் தமிழ்ப் பரிசு எனக்கு என்று பேச்சிருந்தது. வாய் திறக்கவில்லை. பரிசும் கிடைத்தது.

இரண்டு வருடத்தில் அவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நகர்ந்தபோது என் பையில் அரிசி, பிறப்புப் பத்திரங்கள், அம்மாவின் மருந்து, இந்தப் புத்தகம். எத்தனையோ நல்ல புத்தகங்களை வீட்டில் விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தேன்? ஆசையால் அல்ல. இன்னொருவருடைய பொருளை விட்டுவிட்டு வர முடியவில்லை.

அப்புவைப் போல எறியவும் முடியாமல், திருப்பிக் கொடுக்கவும் துணிவில்லாமல் வருடங்கள் போயின. பிறகு ஒரு நாள் மகளோடு டீவீடீயில் ஓர் ஈரானியப் படம் பார்த்தேன். அப்பாஸ் கியாரோஸ்தமியின் "நண்பனின் வீடு எங்கே?" 1987 இல் வந்தது. அஹ்மத் என்ற சின்னப் பெடியன் பக்கத்து மாணவனின் கொப்பியைத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறான். நாளைக்கு வீட்டுவேலை கொப்பியில் இல்லாவிட்டால் அந்த மாணவனைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். நண்பன் இருப்பது அடுத்த ஊரில். வீடு எதுவென்று தெரியாது. வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் அவன் ஏறி ஓடுகிறான். பெரியவர்கள் ஒருவரும் காது கொடுத்துக் கேட்கிறார்களில்லை. வீடு கிடைக்கவேயில்லை. இரவிரவாக இருந்து நண்பனின் வீட்டுவேலையையும் தானே எழுதி, காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

"அம்மா, ஒரு கொப்பிக்காக ஏன் இந்தப் பெடியன் இப்படி ஓடுறான்?" என்று மகள் கேட்டாள். "பழி மற்றவன் மேல் விழக்கூடாது என்று" என்றேன். சொல்லிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த துணிவு எனக்கு இருக்கவில்லை.

அந்தப் படத்துக்குப் பின்கதை ஒன்றும் உண்டு. 1990 இல் அந்தப் பகுதியைப் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியது. நடித்த பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கியாரோஸ்தமி தேடிப் போனார். அந்தத் தேடலையே 1992 இல் இன்னொரு படமாக்கினார். 1994 இல் வந்த அடுத்த படத்தில் அந்தப் பிள்ளைகள் உயிரோடு வந்து நிற்பதைப் பார்க்கலாம். இடம்பெயர்ந்த பிறகு கூடப் படித்தவர்களை ஊர் ஊராக விசாரித்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நானும் தேடினேன். இந்தச் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளை ஒன்றின் மூலம் சென்ற வருடம் என் தோழியின் முகவரி கிடைத்தது. எல்லாவற்றையும் எழுதினேன். ஆறு வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு பக்கக் கடிதம் வந்தது. தகப்பனார் கடைசிவரை தன்னை முழுதாக நம்பவில்லை என்று எழுதியிருந்தாள். அந்த வசனத்துக்கு என்னிடம் பதில் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் எழுதவில்லை. நான் கேட்கவுமில்லை. கடைசியில் இப்படி இருந்தது: "புத்தகத்தைக் கல்லூரிக்குத் திருப்பிக் கொடு. எல்லோர் முன்னிலையிலும் கொடு. அதற்கு முதல் எனக்கு அனுப்பு. நான் அதை இன்னும் வாசிக்கவில்லை."

அனுப்பினேன். போன மாதம் பதிவுத் தபாலில் திரும்பி வந்தது. துர்க்கா இறக்கும் பக்கத்தில் ஒரு பஸ் ரிக்கற் அடையாளமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதை நான் எடுக்கவில்லை.

அதிபர் அவர்களே, இதோ அந்தப் புத்தகம். தயவுசெய்து நூலகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1984 ஆம் ஆண்டுப் பதிவேடு எங்காவது எஞ்சியிருந்தால், அதில் என் தோழியின் பெயருக்கு நேரே எழுதியிருப்பதை வெட்டி, என் பெயரை எழுதிவிடுங்கள். பதிவேடு இல்லாவிட்டால், நூற்றாண்டு மலரில் வரும் இந்த உரையே பதிவாக இருக்கட்டும். அன்று அந்த மண்டபத்தில் நின்றவர்கள் இன்று எத்தனையோ நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மாணவிகளே, இந்தப் புத்தகத்தை எடுத்து வாசியுங்கள். கொப்பியில் பெயர் எழுதிவிட்டு எடுங்கள்.