சென்ற முறை பணிந்தவர்கள்: 1914 ஜூலையின் தப்புக்கணக்கு

1914 ஜூன் 28 அன்று சராயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு வாரங்களுக்குள் ஐரோப்பாவின் ஐந்து வல்லரசுகள் போரில் இறங்கிவிட்டன. இதற்குக் கொலையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. 1912, 1913 ஆண்டுகளில் இரண்டு பால்கன் போர்கள் நடந்து, அந்த வட்டாரத்துக்குள்ளேயே முடிந்தும் போயின. இம்முறை போர் எல்லை தாண்டியதற்கு முதற்காரணம், சென்ற முறை பணிந்த எதிரி இப்போதும் பணிவான் என்று போட்ட கணக்கு. இதுவே என் வாதம்.

1908-ல் ஆஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ரஷ்யா எதிர்த்தது, 1909 மார்ச்சில் ஜெர்மனி நெருக்கியதும் ஒதுங்கியது. 1905-ல் ஜப்பானிடம் தோற்ற படை அப்போது இன்னொரு போரைத் தாங்கும் நிலையில் இல்லை. இந்த ஒரு நிகழ்வை இரு தலைநகரங்களும் நேரெதிராகப் படித்தன. உறுதியாக நின்றால் ரஷ்யா விலகும் என்று பெர்லின் எண்ணியது. இந்த அவமானம் இனி வேண்டாம் என்று பீட்டர்ஸ்பர்க் படையைப் பெருக்கியது. 1914 ஜூலை 5 அன்று ஆஸ்திரியத் தூதருக்கு முழு ஆதரவை வாக்களித்த ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம், ரஷ்யா இன்னும் போருக்குத் தயாரில்லை என்றே நம்பினார்.

தப்புக்கணக்கைத் திருத்த நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைக்கவில்லை. கொலைக்குச் செர்பியாவைப் பொறுப்பாக்கி ஜூலை 23-ல் வியன்னா கொடுத்த கெடு 48 மணி நேரம். பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்ற செர்பியாவின் பதிலை ஜூலை 28 காலையில் படித்த கெய்சர், போருக்கு இனிக் காரணமில்லை என்று எழுதினார். அன்றே வியன்னா போர் அறிவித்தது. ஜூலை 30-ல் செர்பியாவின் பக்கம் நின்ற ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது. ஜெர்மனியிடம் நடப்பில் இருந்ததோ, பெல்ஜியம் வழியாக முதலில் ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸைத் தாக்கும் ஒரே திட்டம். கிழக்கே மட்டும் போரிடுவதற்கான திட்டத்தை 1913-லேயே கைவிட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 1 மாலை, பிரிட்டன் ஒதுங்கி நிற்கக்கூடும் என்ற செய்தி வந்ததும், படைகளைக் கிழக்கே திருப்பும்படி கெய்சர் கேட்டார். முடியாது என்றார் படைத்தலைவர் மோல்ட்கே. செர்பியாவுக்காகத் தொடங்கிய போர் இப்படித்தான் பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. 1839 உடன்படிக்கைப்படி பெல்ஜியத்தின் நடுநிலைக்குப் பொறுப்பேற்றிருந்த பிரிட்டன் ஆகஸ்ட் 4-ல் போர் அறிவித்தது.

கூட்டணி ஒப்பந்தங்களே எல்லாரையும் இழுத்துச் சென்றன என்பார்கள். அப்படியானால் ஜெர்மனி, ஆஸ்திரியாவுடன் முக்கூட்டணியில் இருந்த இத்தாலி நடுநிலை வகித்தது எப்படி? ஒப்பந்தம் வழியைக் காட்டியது. நடந்தது ஆட்சியாளர்களின் முடிவு. இன்னொரு மறுப்பு கனமானது. ஜெர்மனி திட்டமிட்டே போரை நாடியது என்று 1961-ல் வரலாற்றாசிரியர் பிரிட்ஸ் பிஷர் வாதிட்டார். அவர் காட்டிய ஆவணங்களைப் புறக்கணிக்க இயலாது. பெர்லினின் பொறுப்பு பெரியது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பிரிட்டனோடு மோத விரும்பி எவரும் பெல்ஜியம் வழித் தாக்குதல் திட்டத்தைத் தீட்டவில்லை. சிறு போரை விரும்பியவர்களும் பெரும்போருக்குள் வந்து சேர்ந்தது கணக்குப் பிசகியதால்தான்.

ஆகஸ்ட் 23-ல் ஜப்பானும், ஆண்டு முடிவதற்குள் துருக்கியும் சேர்ந்துகொண்டன. செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. பிரிட்டன் இறங்கியதால் இந்தியாவும் போரில் இறங்கியதாயிற்று. இந்திய மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். 60,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.