பெரிய ஆட்டக்காரர்களின் செஸ் ஆட்டங்களை நம் பிள்ளைகள் எப்படிப் படிக்கலாம்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. ஞாயிறு மாலை நம் ஹாலில் நடக்கும் செஸ் வகுப்பைத் தொடர வேண்டுமா, அந்த நேரத்தை வேறு எதற்காவது கொடுத்துவிடலாமா என்று. பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது என்பது உண்மைதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம் என்னும்போது, படியிறங்கி ஹாலுக்கு எதற்கு வர வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதற்கு என் பதிலைச் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிடம் கேட்டேன்.

போனில் மூன்று நிமிட ஆட்டம் ஆடும் பிள்ளையிடம், "இந்தக் குதிரையை ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "சும்மாதான்" என்று பதில் வரும். ஆட்டம் முடிந்ததும் எது நல்ல நகர்த்தல், எது தப்பு என்று எஞ்சின் சொல்லிவிடுகிறது. ஏன் என்று மட்டும் சொல்வதில்லை. அந்த "ஏன்"தான் உத்தி.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வெள்ளாற்று அணைக்கட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தண்ணீர் வந்த பிறகு யாரும் வாய்க்கால் வெட்டுவதில்லை. முன்பே வெட்டி வைத்திருந்தால்தான் வந்த தண்ணீர் வயலுக்குப் போகும். செஸ்ஸிலும் காய்களை வெட்டித் தள்ளும் அந்த நாலு நகர்த்தல் கடைசியில் வருவது. அதற்கான வாய்க்கால் பத்து நகர்த்தலுக்கு முன்பே வெட்டப்பட்டிருக்கும். அதை எப்படி வெட்டுவது என்று கற்க, பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1907-ல் போலந்தின் லோட்ஸ் நகரத்தில் ரோட்லெவி என்பவருக்கும் அகிபா ரூபின்ஸ்டைனுக்கும் ஒரு ஆட்டம் நடந்தது. ரூபின்ஸ்டைன் கறுப்பு. தொடக்கத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி காய்களை வைக்கிறார்கள். ஆனால் வெள்ளை தன் ராணியையும் பிஷப்பையும் இரண்டு தடவையாக நகர்த்தி நேரத்தை இழக்கிறது. ரூபின்ஸ்டைன் தன் இரண்டு பிஷப்புகளையும் வெள்ளை ராஜாவை நோக்கிய இரண்டு நீண்ட சாய்வுக் கோடுகளில் நிறுத்துகிறார். குதிரை ராஜாவுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது. 22-வது நகர்த்தலில் தன் ராணியைச் சிப்பாய் வெட்டும்படி விட்டுவிட்டு, யானையால் ஒரு குதிரையை வெட்டுகிறார். வெள்ளை ராணியை எடுத்துக்கொள்கிறது. 25-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. ராணியை எடுத்தவர் தோற்றார்.

இனி 106 வருடம் தாண்டி வாருங்கள். 2013 ஜனவரி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ போட்டி. வெள்ளை, அப்போது உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான அரோனியன். கறுப்பு, அன்றைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த். சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் பாலம் கடந்து போனால் வரும் மயிலாடுதுறையில் பிறந்தவர். 23 நகர்த்தலில் அரோனியன் தோற்றார். அதிலும் அதே படம்: ராஜாவை நோக்கி இரண்டு சாய்வுக் கோடுகளில் இரண்டு பிஷப்புகள், பக்கத்தில் ஒரு குதிரை. ரூபின்ஸ்டைனின் அந்தப் பழைய ஆட்டத்தோடு உள்ள ஒற்றுமையை ஆனந்தே குறிப்பிட்டார்.

இரண்டு ஆட்டங்களின் தொடக்கமும் வேறு வேறு. ஆனந்த் மனப்பாடம் செய்த நகர்த்தல்களை ஒப்பிக்கவில்லை. காய்கள் எப்படி நின்றால் ராஜா சிக்குவார் என்ற அமைப்பு மனதில் இருந்தது. அதற்குரிய தருணம் வந்தபோது அடையாளம் தெரிந்தது.

இப்போது செய்முறை. முதலில் ஒரே ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுங்கள். தொடங்குகிறவர்களுக்குக் கபாபிளாங்கா நல்லது. அவர் ஆட்டம் தெளிந்த நீர் மாதிரி, அடி தெரியும். அச்சிட்ட ஆட்டத்தின் மேல் ஒரு தாளை வைத்து மூடிக்கொள்ளுங்கள். முதல் பத்து நகர்த்தலைப் பலகையில் வைத்துவிடுங்கள். பதினொன்றாவதிலிருந்து, வெற்றி பெற்றவரின் ஒவ்வொரு நகர்த்தலையும் பிள்ளை ஊகிக்க வேண்டும். ஊகித்ததையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். அதன் பிறகு தாளை ஒரு வரி இறக்கிப் பார்க்கலாம். சரியாக இருந்தால் சந்தோஷம். தவறாக இருந்தால்தான் பாடம்: "நான் சிப்பாயை வெட்ட நினைத்தேன், அவர் ராஜாவை நடுவுக்குக் கொண்டுவந்தார், ஏன்?" எஞ்சினை எல்லாம் முடிந்த பிறகு திறந்தால் போதும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். வாரம் ஒன்று என்றால் வருடத்துக்கு ஐம்பது ஆட்டம்.

இது பழங்கால முறை என்று நினைக்காதீர்கள். உலக சாம்பியன் குகேஷ், பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் பல ஆண்டுகள் எஞ்சினைத் தொடாமல்தான் பயின்றார். சொந்தமாக யோசிக்கும் பழக்கம் முதலில் வரட்டும் என்பதுதான் காரணம்.

போனில் வேகமாக ஆடுவதே கெடுதல் என்றும் நான் சொல்லமாட்டேன். சென்னையில் மானுவேல் ஆரோன் 1972-ல் தொடங்கிய டால் செஸ் கிளப்பில், சிறுவன் ஆனந்த் பிளிட்ஸ் ஆடித்தான் வளர்ந்தார். ஜெயித்தவர் பலகையில் இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் அவர் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. அதைப் பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன்.

1970களின் இறுதியில், அப்பாவின் வேலை காரணமாக ஆனந்தின் குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகலில் செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா சுசீலா அதில் காட்டும் ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதி வைப்பார். பையன் வீடு திரும்பியதும் இருவரும் உட்கார்ந்து தீர்த்து, விடையை அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். இவர்களே அடிக்கடி ஜெயித்ததால், "எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதீர்கள்" என்று நிகழ்ச்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். ஆனந்த் சொல்லும் கதை இது.

உங்களில் பலர், "எங்களுக்குச் செஸ்ஸே தெரியாதே" என்கிறீர்கள். தாளைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். பிள்ளை நகர்த்தலைச் சொன்னதும், "காரணம் சொல்லு" என்று கேளுங்கள். பிறகு தாளை ஒரு வரி இறக்குங்கள். இதைத் தாத்தா பாட்டிகளும் செய்யலாம். மாலையில் பொழுது போகவில்லை என்று கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் இது ஒரு நல்ல வேலை.

இதனால் நம் பிள்ளைகள் எல்லாரும் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிடுவார்களா? மாட்டார்கள். அப்படிச் சொல்லி யாரிடமும் ஆசை காட்ட நான் விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் 14-வது, கடைசி ஆட்டம். புள்ளிகள் சமம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், ஆனாலும் டிரா ஆகக்கூடிய நிலை. அவர் விடாமல் ஆடினார். 55-வது நகர்த்தலில் டிங் யானையை மாற்றிக்கொள்ள வந்தார். யானை போனது, பிஷப்பும் போனது. மிஞ்சியது ராஜாவோடு இரண்டு சிப்பாய், எதிரே ராஜாவோடு ஒரு சிப்பாய். அது வெற்றி நிலை. உலகப் பட்டத்தை முடிவு செய்த அந்தக் கடைசிப் பாடம், நம் ஹாலில் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடிய பாடம்தான். அதுவரை பொறுமையாக உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். அந்தப் பொறுமைதான் போனில் கிடைப்பதில்லை.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த காலாண்டு வரை ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்தை விட்டுவையுங்கள். போன்கள் வாசல் மேசையில் இருக்கட்டும். வாரம் ஒரு ஆட்டம், ஒரு நோட்டு, ஒரு தாள். ரோட்லெவி, ரூபின்ஸ்டைன் ஆட்டத்தோடு தொடங்குவோம். ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து ஒருவர் வாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டுகளை இந்த மேசையில் வைக்கிறேன். பிள்ளைகள் எழுதிய காரணங்களைப் படித்துப் பார்த்துவிட்டு, வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.