ஐந்தாம் காற்று



காற்றுக்குத் திசைநோக்கிப் பெயரிட்ட மொழி தமிழ். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நான்கும் நிலத்தின்மேல் கிடையாக வீசுவன. வெயிலால் சூடேறிய சரிவிலிருந்து மேல்நோக்கி எழும் காற்றுக்கு அவ்வரிசையில் இடமில்லை. அந்த ஐந்தாம் காற்றை நம்பி மலைமுகட்டை விட்டுக் கால் பெயர்ப்பவர்களே பாராகிளைடிங் வீரர்கள்.

இக்கலை நட்பில் பிறந்தது. 1978 ஜூன் மாதம், பிரான்சின் மியெஸ்ஸி என்னும் மலையூரில் ழான்-க்ளோத் பெத்தாம், அந்த்ரே போன், ழெரார் பொஸ்ஸோன் என்னும் பாராசூட் வீரர் மூவர், விமானமின்றிச் சரிவில் ஓடியே பாராசூட்டை விரிக்கலாம் என்று கணக்கிட்டனர். முதலில் பறந்த பெத்தாம் ஏறத்தாழ 100 மீட்டரே சென்றார். அடுத்துப் பறந்த போன், 1000 மீட்டர் கீழே பள்ளத்தாக்கிலிருந்த கால்பந்துத் திடலில் இறங்கினார். பிரெஞ்சியர் இதற்கு இட்ட பெயரில் பாராசூட்டும் சரிவும் இணைந்துள்ளன. காற்றைப் பெயரில் சேர்க்கவில்லை. அன்று அவர்கள் இறங்கத்தான் எண்ணினார்கள், ஏற அல்ல!

இமாச்சலத்தின் பில்லிங் முகடு ஏறத்தாழ 2400 மீட்டர் உயரம். இறங்குமிடமான பீர் அதற்குச் சுமார் 1000 மீட்டர் கீழே. அசைவற்ற காற்றில் விதானம் நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலாகத் தாழும். கால் மணி நேரத்தில் பறத்தல் முடிந்துவிடும். அதற்குமேல் கிடைப்பதெல்லாம் காற்றின் கொடை.

வலிய காற்று நாளில் எவரும் ஏறிவிடலாம். மென்காற்று நாளோ பொறுமையைச் சோதிப்பது. எழும் காற்று தாழும் வேகத்தை ஈடுசெய்யுமே அன்றி மிகாது. விதானத்தைச் செங்குத்தாகச் சாய்த்துத் திருப்பினால் பெற்ற உயரம் கரையும். அகன்ற, தட்டையான வட்டமே உதவும். ஏற்றத்தை ஒலியால் அறிவிக்கும் கருவி கீச்சிடும், உடனே அடங்கும். அதைவிடக் கழுகை நம்புவோர் உண்டு. அது தவறுமன்று.

இத்தகைய நாளில் நண்பர் நால்வர் பறந்தால் நால்வரும் சேர்ந்து ஒரே தேடுகருவி. அகன்று பரவித் தேடுவர்; எழும் காற்றைக் கண்டவர் வட்டமிடத் தொடங்குவார்; ஏனையோர் அங்கு விரைவர். முதல்வர் சுழலும் திசையிலேயே மற்றவரும் சுழல வேண்டும் என்பது விதி. இங்கேதான் சிக்கல். மேலே இருப்பவர் தம் உயரத்தோடு அடுத்த முகட்டுக்குப் போய்விடலாம். போனாலோ, கீழே தாழ்பவருக்குக் காற்றின் இடம் காட்ட எவருமில்லை. கண்ணுக்குத் தெரியாத தூணுக்கு நண்பரின் விதானமே அடையாளம். ஆகவே சிலர் காத்திருக்கிறார்கள், அதற்குள் காற்றே ஓய்ந்துவிடக்கூடும் என்று அறிந்தும்.

தாழ்பவருக்கும் ஒரு முடிவு உண்டு. இன்னும் ஒரே ஒரு வட்டம் என்னும் ஆசை, மலைச்சரிவை ஒட்டிப் பறக்கையில் மரங்களில் கொண்டு சேர்க்கும். உயரம் எஞ்சியிருக்கும்போதே திரும்பித் திடலை நோக்குபவரே மறுநாளும் பறப்பவர். காத்திருந்த நண்பரின் முகத்துக்காக அதைத் தள்ளிப்போடுவது நட்பாகாது.

மாலையில் பீர் திடலில் முதலில் இறங்கியவர் விதானத்தை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். சரிவின்மேல் மூன்று விதானங்கள், ஏறாமலும் இறங்காமலும், ஒரே திசையில் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கின்றன.