பால் கட்டினால் யாருக்கு நட்டம்?



"தோட்டத்துப் பிள்ளைக்கு வேதியியல் எதற்கு?" என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர் கேட்டார். ஐயா, நான் ஜாசின் பக்கத்துக்காரன். 1896இல் நம் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டார். பிறகு இங்கே பால்மரம் வெட்டிய நம் மக்கள் தினமும் வாளியில் சுமந்ததே வேதியியல்தானே!

மங்கில் வடிகிற பாலில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் உருண்டைகள் மிதக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் புரதமும் கொழுப்பும் கலந்த தோல். அந்தத் தோலில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளால் எதிர்மின் ஏற்றம் உண்டாகிறது. அதனால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். கிருமி புகுந்து அமிலம் சுரந்தால் ஏற்றம் அழிந்து பால் கட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் அம்மோனியா. கட்டிப்பாலுக்குக் கூலி குறைவு, நட்டம் வெட்டியவருக்கு!

ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள்? அளவுக்கு மிஞ்சிய அம்மோனியாவை ஃபார்மால்டிஹைடு விட்டுக் குறைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பி.எச். அளவைக் குறிக்கிறார்கள். அது சட்டென்று ஏறும் இடம் வரை செலவான காரத்தை, 100 கிராம் திடப்பொருளுக்குக் கணக்கிட்டால் கே.ஓ.எச். எண். பழைய பாலில் இந்த எண் கூடும். ஆனால் நீரில் கரைந்த அமிலமும் இதில் சேர்ந்துவிடும். தோலின் மேல் உள்ளது மட்டும் வேண்டுமா? உருண்டைகளைக் கழுவிச் சுத்தம் செய்து, காரம் விட விட மின்கடத்தும் திறனைப் பார்க்க வேண்டும். வரைகோடு மடங்கும் இடத்தில் விடை கிடைக்கும்.

கொரோனா காலத்தில் உலகமே கேட்ட நைட்ரைல் கையுறை இருக்கிறதே, அது மரத்துப் பால் அல்ல, ஆலைப் பால். அதில் கார்பாக்சில் தொகுதிகளை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். துத்தநாகம் அவற்றைப் பிணைப்பதால் கையுறைக்கு வலு. எத்தனை தொகுதி என்று அளக்க ஆள் வேண்டாமா?

என் பாட்டி காலத்தில் மெட்ரோலாக் மிதவையைப் பாலில் விட்டு எண் படித்தவர் கிராணி. அந்த எண்ணை வைத்துத்தான் சம்பளம். பாட்டிக்கு அதைப் படிக்கத் தெரியாது. சொன்னதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இன்று எஸ்.பி.எம். வேதியியலில் இதே பாலும் ஆசிட்டும் பாடமாக இருக்கின்றன. நான்காம் படிவத்தில் "வேதியியல் நமக்கு வேண்டாம்" என்று கையெழுத்துப் போடுகிற பெற்றோரே, இனி அந்த எண்ணை யார் படிக்கப்போகிறார்கள்?